காலநிலை மாற்றம்: நமக்கும் புரியணும், நம்ம குரலும் போய்ச் சேரணும்



குழுக் கூட்டத்தில் சேமிப்பு, உள்கடன், வங்கிக்கடன் எல்லாம் பேசி முடித்து, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்ட பிறகு நாம் சும்மா பேசிக்கொண்டிருப்போம். அப்போது அடிக்கடி வரும் பேச்சு மழையைப் பற்றியது. "முன்ன மாதிரி இல்லக்கா. பேஞ்சா ஒரேயடியாப் பேஞ்சு அழிக்குது. இல்லேன்னா சுத்தமா இல்ல." "டி.வி.யில காலநிலை மாற்றம்னு சொல்றாங்களே, அது நமக்கு என்ன? அது பெரிய பெரிய நாட்டுக்காரங்க விஷயம்தானே?"

இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்துகொள்வது நமக்கு மிகவும் அவசியம். கறவை மாட்டுக்கும், ஆட்டுக்கும், நெல்லுக்கும், கடலைக்கும், மீனுக்கும் கடன் வாங்கியவர்கள் நாம். மழை தவறினால் தவணை தவறும். புயல் எச்சரிக்கை தவறினால் உயிரே போகும். விஞ்ஞானிகளிடம் செய்தி இருக்கிறது. அது நம் வீட்டு வாசல் வரை வருகிறதா? வந்தால் புரிகிறதா? நாம் படுகிற பாடு திட்டம் போடுகிறவர்களின் காதுக்குப் போகிறதா? இந்த மூன்றையும் இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

வானிலை வேறு, காலநிலை வேறு

இன்றைக்கு மழை பெய்யுமா, நாளைக்கு வெயில் அடிக்குமா என்பது வானிலை. ஒரு பகுதியில் பல வருஷமாக மழையும் வெயிலும் எப்படி இருந்து வருகின்றன என்பது காலநிலை. பொதுவாக 30 வருஷக் கணக்கை எடுத்து சராசரி போட்டுத்தான் காலநிலையைச் சொல்வார்கள்.

நம் குழுக் கணக்கை வைத்துப் பார்த்தால் இது சுலபமாகப் புரியும். ஒரு மாசம் ஒரு உறுப்பினர் சேமிப்பு கட்டவில்லை என்பதற்காக அந்தக் குழு மோசமான குழு என்று வங்கி மேனேஜர் சொல்ல மாட்டார். ஆரம்பத்திலிருந்து பதிவேடுகளைப் புரட்டிப் பார்ப்பார். வருகை எப்படி, வசூல் எப்படி, தவணை எத்தனை முறை தவறியது என்று பார்த்துத்தான் முடிவு செய்வார். ஒரு மாசத்து வசூல் வானிலை மாதிரி. பல வருஷத்துப் பதிவேடு காலநிலை மாதிரி.

அதனால் "இந்த வருஷம் மார்கழியில நல்லாக் குளிருதே, எங்க பூமி சூடாகுது?" என்று ஒருவர் கேட்டால், அது ஒரு மாசத்து வசூலை மட்டும் பார்த்துப் பேசுவது. அதேபோல் ஒரு நாள் கடும் வெயில் அடித்ததும் "இதுதான் காலநிலை மாற்றம்" என்று சொல்வதும் அவசரம்தான். நீண்ட காலக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

அந்தக் கணக்கு என்ன சொல்கிறது? 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பநிலை சுமார் 0.7 டிகிரி செல்சியஸ் கூடியிருக்கிறது என்று மத்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அதே 1901 முதல் 2018 வரை உலக அளவில் கடல் மட்டம் சராசரியாக சுமார் 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது. கிட்டத்தட்ட ஒரு சாண் அளவு.

பூமி ஏன் சூடாகிறது?

நிலக்கரி, பெட்ரோல், டீசல், காஸ் ஆகியவற்றை எரிப்பதாலும் காடுகளை அழிப்பதாலும் கரியமில வாயு காற்றில் கூடுகிறது. வெயிலால் சூடான பூமி, அந்தச் சூட்டைத் திரும்ப மேலே அனுப்பும். கரியமில வாயு அதில் ஒரு பகுதியைப் போகவிடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. போர்வை போர்த்திப் படுத்தால் நம் உடம்புச் சூடே நமக்குப் புழுக்கமாக இருப்பது போலத்தான். இந்தப் போர்வையே இல்லாவிட்டால் பூமி குளிர்ந்து உறைந்துவிடும். இப்போது போர்வை கனமாகிக்கொண்டே போவதுதான் பிரச்சினை.

இதைச் சோதனை செய்து முதலில் எழுதியவர் ஒரு பெண் என்பது நமக்குப் பெருமை. அமெரிக்காவைச் சேர்ந்த யூனிஸ் ஃபுட் என்ற பெண்மணி கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்தார். கரியமில வாயு இருந்த குழாய் மற்றவற்றைவிட அதிகம் சூடானது. நிழலில் எடுத்து வைத்தபோது ஆறுவதற்கும் நெடுநேரம் ஆனது. 1856இல் விஞ்ஞானிகள் மாநாட்டில் இவருடைய கட்டுரையை வாசித்தது இவர் அல்ல, ஓர் ஆண் விஞ்ஞானி. மூன்று வருஷம் கழித்து 1859இல் ஜான் டிண்டால் என்பவர் இன்னும் நுணுக்கமான கருவிகளை வைத்துச் சோதனை செய்தார். பெயரும் புகழும் அவருக்குப் போனது. யூனிஸ் ஃபுட்டை நூறு வருஷத்துக்கும் மேலாக உலகம் மறந்தே போனது. பெண் சொன்ன சொல் அம்பலம் ஏறாத கதை நம் ஊரில் மட்டும் நடக்கவில்லை.

தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன்னால் 10 லட்சம் பங்கு காற்றில் சுமார் 280 பங்கு கரியமில வாயு இருந்தது. 1958இல் ஹவாய்த் தீவில் ஒரு மலை மேல் அளக்க ஆரம்பித்தபோது அது சுமார் 315. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது.

"பத்து லட்சத்துல நானூறா? இத்துனூண்டு வாயு என்ன செஞ்சுரும்?" என்று கேட்கத் தோன்றும். ஒரு பானைப் பாலுக்கு எவ்வளவு உறை மோர் ஊற்றுகிறோம்? ஒரு கரண்டிதானே. விடிவதற்குள் பானை முழுக்கத் தயிராகிவிடுகிறதே. அளவு சின்னதாக இருந்தாலும் வேலை பெரிசாக இருக்கலாம்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வோம். ஓசோன் ஓட்டை வழியாக வெயில் அதிகமாக வருவதால்தான் பூமி சூடாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. ஓசோன் படலம் மெலிந்தது வேறு பிரச்சினை. பிரிட்ஜ், ஸ்பிரே போன்றவற்றில் பயன்படுத்திய சில வாயுக்களால் அது வந்தது. 1985இல் விஞ்ஞானிகள் சொன்னார்கள். 1987இல் உலக நாடுகள் மான்ட்ரியல் நகரில் கூடி அந்த வாயுக்களைக் குறைக்க ஒப்பந்தம் போட்டன. இன்று ஓசோன் படலம் மெல்ல மெல்லச் சரியாகி வருகிறது. விஞ்ஞானி சொன்னதை அரசாங்கங்கள் கேட்டு நடந்தால் பலன் உண்டு என்பதற்கு இது நல்ல சாட்சி.

ஒன்றரை டிகிரி என்றால் என்ன?

2015இல் பாரிஸ் நகரில் உலக நாடுகள் கூடி ஒப்பந்தம் செய்தன. தொழிற்சாலைக் காலத்துக்கு முன்பு இருந்ததைவிட பூமியின் சராசரி வெப்பம் 2 டிகிரிக்கு வெகு கீழே நிற்க வேண்டும், 1.5 டிகிரிக்குள் நிறுத்தப் பாடுபட வேண்டும் என்பது அதன் நோக்கம். 2024ஆம் வருஷம் மட்டும் இந்தச் சராசரி சுமார் 1.55 டிகிரி கூடியிருந்ததாக உலக வானிலை அமைப்பு அறிவித்தது. ஒரே ஒரு வருஷம் தாண்டியதால் ஒப்பந்தம் முறிந்தது என்று அர்த்தமில்லை. பல வருஷச் சராசரிதான் கணக்கு. ஆனாலும் எல்லையை நெருங்கிவிட்டோம் என்பது தெரிகிறது.

"வெயில் காலத்துல 38, 40ன்னு அடிக்குது. ஒன்றரை டிகிரி கூடினா என்ன குடி முழுகிடும்?" என்று கேட்கலாம். நம் உடம்புச் சூடு 37 டிகிரி செல்சியஸ். அது 38.5 ஆனால் என்ன? குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோமா இல்லையா? பூமிக்கும் அப்படித்தான். சராசரி கொஞ்சம் ஏறினாலே பல காரியங்கள் மாறும்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் அதிகமாக நீராவியைத் தாங்கும். பெரிய பாத்திரம் மாதிரி. நிரம்புகிற வரை நிலத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சும், நிலம் காய்கிறது. நிரம்பிக் கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும், வெள்ளம் வருகிறது. வறட்சியும் வெள்ளமும் ஏன் மாறி மாறி வருகின்றன என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வார்த்தை ஒன்று, அர்த்தம் இரண்டு

விஞ்ஞானிகள் பேசுவதும் நாம் பேசுவதும் தமிழ்தான். ஆனால் ஒரே வார்த்தைக்கு அவர்களுக்கு ஓர் அர்த்தம், நமக்கு ஓர் அர்த்தம். இங்கேதான் பல தப்புகள் நடக்கின்றன.

1. "மிதமான மழை." நமக்கு மிதமான மழை என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் ஒரு நாளில் 6.4 செ.மீ. வரை பெய்தாலும் அது மிதமான மழைதான். களத்தில் நெல் காயப் போட்டிருந்தால் அந்த மழையே போதும். அதற்கு மேல் 11.5 செ.மீ. வரை கனமழை. 11.5க்கு மேல் 20.4 செ.மீ. வரை மிகக் கனமழை. அதையும் தாண்டினால் அதி கனமழை.

செ.மீ. கணக்கை நம் குடக் கணக்காக மாற்றிப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் இடத்தில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 400 சதுர அடி கூரை வீட்டின் மேல் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 370 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் கிட்டத்தட்ட 25 குடம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. ஒரு சென்ட் நிலத்துக்கு மட்டும் 38,000 லிட்டருக்கும் மேல். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி மூன்று லோடு ஒரே சென்ட்டில் கொட்டியது போல! இப்படிச் சொன்னால்தான் அளவு மனதில் பதியும்.

2. "ஓரிரு இடங்களில்." இதைக் கேட்டு "நம்ம ஊருக்குச் சொல்லல" என்று இருந்துவிடுவோம். அந்தப் பகுதியில் மழை அளக்கும் நிலையங்களில் கால் பங்குக்குள் மழை பதிவாகலாம் என்பது இதன் பொருள். எந்த நிலையம் என்று சொல்ல முடியாது. நம்ம ஊராகவும் இருக்கலாம். பெய்யாமல் போனால் "ரேடியோக்காரன் பொய் சொல்லிட்டான்" என்பதும் நியாயமில்லை.

3. "மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை." பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டே இருங்கள். ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள். சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை எடுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக், குழுப் பதிவேடுகளை பாலித்தீன் பையில் கட்டி வைக்கிற வேலையெல்லாம் ஆரஞ்சிலேயே முடிந்திருக்க வேண்டும். சிவப்பு வந்த பிறகு பொருள் தேடக் கூடாது.

4. "வாய்ப்பு உள்ளது." இதுதான் பெரிய சிக்கல். "வாய்ப்பு இருக்குன்னுதானே சொல்றாங்க, அவங்களுக்கே நிச்சயமாத் தெரியலை" என்று நாம் தள்ளிவிடுகிறோம். உலக நாடுகளுக்காகக் காலநிலை அறிக்கை தயாரிக்கும் ஐ.பி.சி.சி. என்ற குழு 1988இல் ஏற்பட்டது. அவர்கள் ஒவ்வொரு வார்த்தைக்கும் அளவு வைத்திருக்கிறார்கள். "சாத்தியம்" என்று எழுதினால் நூற்றுக்கு 66க்கும் மேல். "மிகவும் சாத்தியம்" என்றால் நூற்றுக்கு 90க்கும் மேல். சாதாரணமாகக் கேட்டால் சந்தேகமாகப் பேசுவது போல இருக்கும். உண்மையில் உறுதியாகத்தான் பேசுகிறார்கள்.

இப்படி யோசித்துப் பாருங்கள். கடன் கேட்கிற ஒருவர் திருப்பிக் கட்டாமல் போக நூற்றுக்கு 90 வாய்ப்பு என்று தெரிந்தால் நம் குழு அவருக்குக் கடன் கொடுக்குமா? "நிச்சயமாத் தெரியட்டும், அப்புறம் யோசிப்போம்" என்று சொல்வோமா? பணத்துக்கே இவ்வளவு உஷாராக இருக்கும் நாம் உயிருக்கும் பயிருக்கும் உஷாராக இருக்க வேண்டாமா? மனிதர்களின் செயலால் பூமி சூடாகியிருக்கிறது என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை என்று அந்தக் குழு 2021இல் தெளிவாக எழுதிவிட்டது. அங்கே "வாய்ப்பு" என்ற வார்த்தைகூட இல்லை.

செய்தி போய்ச் சேராவிட்டால்...

1991 ஏப்ரலில் வங்காளதேசத்தைப் பெரும்புயல் தாக்கியது. சுமார் 1 லட்சத்து 38 ஆயிரம் பேர் இறந்தார்கள். எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால் 20 வயது முதல் 44 வயது வரை உள்ளவர்களில், ஆயிரம் ஆண்களுக்கு 15 பேர் இறந்தபோது, ஆயிரம் பெண்களுக்கு 71 பேர் இறந்தார்கள்.

ஏன் இந்த வித்தியாசம்? எச்சரிக்கை கடைத்தெருவிலும் பொது இடத்திலும் நிற்கிற ஆண்களுக்குப் போனது. வீட்டுக்குள் இருந்த பெண்களுக்குச் சரியாகப் போகவில்லை. செய்தி தெரிந்த பெண்களும் வீட்டுக்காரர் வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள். பிள்ளைகளையும் வயசானவர்களையும் ஆடு மாடுகளையும் விட்டுவிட்டுக் கிளம்ப மனசு வரவில்லை. புகலிடக் கட்டடங்களில் பெண்களுக்குத் தனி இடமோ கழிப்பறையோ போதுமானதாக இல்லை. உடுத்தியிருந்த சேலையே தண்ணீரில் காலைக் கட்டியது.

அங்கே 1970ஆம் வருஷத்துப் புயலில் 3 லட்சம் பேருக்கு மேல் இறந்த பிறகே, 1972இல் புயல் தயார்நிலைத் திட்டம் என்று ஒன்று தொடங்கியிருந்தார்கள். கிராமத்துத் தொண்டர்கள் கொடி ஏற்றி, மெகாபோனில் கத்தி, கைசைரன் சுற்றி எச்சரிப்பார்கள். 1991க்குப் பிறகு புகலிடங்களைப் பெருக்கினார்கள். பெண் தொண்டர்களை அதிகம் சேர்த்தார்கள். பெண் வந்து சொன்னால் இன்னொரு பெண் கதவைத் திறந்து கேட்பாள், கூடவே கிளம்புவாள். இன்று அங்கே சுமார் 76,000 தொண்டர்கள். அதில் பாதிப் பேர் பெண்கள். 2007இல் சிட்ர் என்ற கடும்புயல் அடித்தபோது இறந்தவர்கள் சுமார் 3,400 பேர். அதுவும் பெரிய இழப்புதான். ஆனாலும் லட்சக்கணக்கு ஆயிரக்கணக்காகக் குறைந்தது.

நம் நாட்டில் ஒடிசாவைப் பாருங்கள். 1999 அக்டோபரில் அடித்த பெரும்புயலில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். அதன் பிறகு மாநிலத்தில் பேரிடருக்கென்று தனி அமைப்பு உண்டாக்கி, புகலிடங்கள் கட்டி, கிராமந்தோறும் பயிற்சி கொடுத்தார்கள். 2013 அக்டோபரில் பைலின் புயல் வந்தபோது சுமார் 10 லட்சம் மக்களை முன்கூட்டியே இடம் மாற்றினார்கள். உயிரிழப்பு 50க்குள் நின்றது. புயலின் பலம் குறைவில்லை. செய்தி சேர்ந்தது, மக்கள் நம்பினார்கள், போவதற்கு இடம் இருந்தது. இந்த மூன்றும்தான் வித்தியாசம்.

நம் பக்கத்திலும் இரண்டு பாடங்கள் உண்டு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான மீனவர்களை இழந்தோம். பல நாள் தங்கி மீன் பிடிப்பவர்கள் ஏற்கெனவே ஆழ்கடலுக்குப் போய்விட்டார்கள். கரையில் சொன்ன செய்தி கடலில் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. கரையில் காத்திருந்தது தாய்மாரும் மனைவிமாரும்தான்.

இன்னொன்று நல்ல பாடம். புதுச்சேரிப் பகுதியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் கிராமங்களில் தகவல் மையங்களை நடத்தியது. வீராம்பட்டினத்தில் அலையின் உயரம் எவ்வளவு இருக்கும் என்ற தகவலைக் கம்ப்யூட்டரில் எடுத்து, கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்துத் தமிழில் சொன்னார்கள். 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு கிராமத்தைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரிலிருந்து போன் செய்து சுனாமி பற்றி எச்சரித்தார். ஊர்க்காரர்கள் உடனே தகவல் மையத்து ஒலிபெருக்கியில் அறிவித்து எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். 3,500க்கும் மேற்பட்ட மக்கள் தப்பினார்கள். சுனாமி காலநிலை மாற்றத்தால் வந்ததல்ல, கடலுக்கடியில் நடந்த நிலநடுக்கத்தால் வந்தது. ஆனால் பாடம் பொதுவானது. ஒரு போன், ஒரு ஒலிபெருக்கி, கேட்டதும் நம்புகிற குரல். இவை இருந்தால் ஊரே பிழைக்கும்.

எல்லாப் பழியும் வானத்துக்கா?

இதைக் கவனமாகப் பேச வேண்டும். ஏரிக்கரை உடைந்தால் "காலநிலை மாற்றம்மா, என்ன பண்றது" என்று கைவிரிக்கிறவர்களும் இருக்கிறார்கள். மழை அதிகம் பெய்தது வானத்தின் காரியமாக இருக்கலாம். வரத்து வாய்க்காலை அடைத்து வீடு கட்டியது யார்? மதகைப் பழுது பார்க்காமல் விட்டது யார்? ஆற்று மணலை அள்ளியது யார்? இவை நம் ஊரிலேயே, நம் கண் முன்னாலேயே நடந்தவை. இவற்றுக்கு ஊரிலேயே தீர்வு உண்டு. காலநிலை மாறுகிறது என்பதால்தான் வாய்க்காலை இன்னும் நன்றாக வைத்திருக்க வேண்டும். சாக்கு சொல்ல அதைப் பயன்படுத்த விடக் கூடாது.

அதேபோல் "ஏழைங்க விறகு எரிக்கிறதாலதான் பூமி கெட்டுப்போச்சு" என்று யாராவது சொன்னால் கணக்கைச் சொல்லுங்கள். இந்தியாவில் சராசரியாக ஒரு ஆள் வருஷத்துக்கு வெளியிடும் கரியமில வாயு சுமார் 2 டன். அமெரிக்காவில் சுமார் 14 டன். நம் நாட்டுக்குள்ளேயும் கார், ஏ.சி. வைத்திருக்கிறவர் கணக்கும் கூலி வேலைக்குப் போகிற நம் கணக்கும் ஒன்றல்ல. விறகுப் புகை நம் கண்ணுக்கும் நுரையீரலுக்கும் கெடுதல், அதற்காக அதைக் குறைப்போம். ஆனால் பூமி சூடானதற்கு நாம் முதல் குற்றவாளி இல்லை.

அதிகாரிகளிடம் எப்படிப் பேசுவது?

2022இல் தமிழ்நாடு அரசு காலநிலை மாற்ற இயக்கத்தைத் தொடங்கியது. மாவட்ட அளவில் கலெக்டர் தலைமையில் இது செயல்படுகிறது. மாவட்ட வன அலுவலர் காலநிலை அலுவலராக இருக்கிறார். 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு அறிவித்தது. வெப்ப அலையால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் அறிவித்தது. காட்டு வேலைக்குப் போய் வெயிலில் சுருண்டு விழுந்தால் "மயக்கம்"னு சொல்லி விட்டுவிடாமல், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சரியாகப் பதிவு செய்ய வேண்டும். பதிவு இல்லாவிட்டால் நிவாரணமும் இல்லை, கணக்கிலும் வராது.

கலெக்டரிடமோ பி.டி.ஓ.விடமோ போய் "மழையே சரியில்லைங்கய்யா" என்றால் அவரும் "ஆமாம்மா" என்பார். அத்தோடு முடிந்தது. மூன்று விஷயங்களைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முதலாவது, என்ன நடந்தது? தேதியோடு, அளவோடு.
இரண்டாவது, என்ன நஷ்டம்? எத்தனை ஏக்கர், எத்தனை ஆடு மாடு, எத்தனை நாள் கூலி, எத்தனை பேர் தவணை தவறினார்கள்.
மூன்றாவது, என்ன வேண்டும்? ஒன்று அல்லது இரண்டு கோரிக்கைகள் மட்டும். எந்த இடத்தில், எந்த மாசத்துக்குள்.

மழை அளவுக்கு யாரிடமும் போய் நிற்க வேண்டாம். அடியும் வாயும் ஒரே அகலமாக உள்ள, நேராக நிற்கும் ஒரு டப்பாவை எடுங்கள். மரமோ சுவரோ மறைக்காத திறந்த இடத்தில் சாயாமல் வையுங்கள். தினமும் காலை எட்டரை மணிக்குத் தேங்கிய தண்ணீரில் பிள்ளைகளின் ஸ்கேலை வைத்து உயரத்தைப் பாருங்கள். அத்தனை மி.மீ. மழை. வானிலைத் துறையும் காலை எட்டரைக்குத்தான் அளக்கிறது. குறித்த பிறகு கொட்டிவிட்டுத் திரும்ப வையுங்கள். சேமிப்புப் பதிவேடு எழுதத் தெரிந்த நமக்கு மழைப் பதிவேடு எழுதுவது ஒரு பெரிய வேலையா? ஐந்து வருஷம் எழுதினால் அந்த நோட்டு ஊருக்கே சொத்து.

கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வேலை நடக்க வேண்டும் என்றால் மே, ஆகஸ்ட் கூட்டங்களிலேயே கேட்க வேண்டும். தீர்மானம் இப்படி இருக்கலாம்:

"எங்கள் ஊராட்சியில் குறிப்பிட்ட தேதியில் இத்தனை செ.மீ. மழை பெய்து, இன்ன வாய்க்கால் அடைபட்டதால் இத்தனை ஏக்கர் பயிர் மூழ்கியது. இத்தனை குடும்பங்கள் பாதிக்கப்பட்டன. வரும் செப்டம்பருக்குள் அந்த வாய்க்காலைத் தூர்வார வேண்டும். புயல் புகலிடமாக உள்ள பள்ளிக் கட்டடத்தில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் தண்ணீர் வசதியும் செய்து தர வேண்டும். எச்சரிக்கைகளை ஊராட்சி ஒலிபெருக்கியில் தெரு தெருவாக அறிவிக்க வேண்டும் என்று இக்கிராம சபை தீர்மானிக்கிறது."

தீர்மானம் பதிவேட்டில் ஏறியதா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எழுந்து வர வேண்டும். நகல் கேட்டு வாங்கி ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் வையுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் செய்ய வேண்டியவை

• ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு உறுப்பினரைச் "செய்தி சொல்பவர்" என்று முடிவு செய்யுங்கள். போன் வீட்டுக்காரர் கையில் இருக்கிற வீடு, வயசானவர் தனியாக இருக்கிற வீடு, கர்ப்பிணி, மாற்றுத்திறனாளி இருக்கிற வீடு எவை என்று பட்டியல் எழுதுங்கள். எச்சரிக்கை வந்தால் முதலில் இந்த வீடுகளுக்குத்தான் போக வேண்டும்.

• மாவட்ட அவசர உதவி எண் 1077, மாநில எண் 1070. இரண்டையும் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். ஸ்மார்ட் போன் உள்ளவர்கள் டி.என்.-அலர்ட் செயலியைப் பதிவிறக்கம் செய்துகொள்ளலாம்.

• வாட்ஸ்அப்பில் வருகிற புயல் செய்தியில் தேதி இருக்கிறதா, யார் சொன்னது என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் யாருக்கும் அனுப்பாதீர்கள். பொய் எச்சரிக்கை இரண்டு தடவை வந்தால் மூன்றாவதாக வருகிற உண்மையை யாரும் நம்ப மாட்டார்கள்.

• அறுபது வயசைத் தாண்டிய பாட்டிமாரைக் கூட்டத்துக்கு அழையுங்கள். முன்பு எந்த மாசம் விதைத்தார்கள், எந்தக் கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர் இருந்தது என்று கேட்டு எழுதுங்கள். அதுவும் ஊரின் பதிவேடுதான்.

• மழை அளக்கும் டப்பாவை யார் வீட்டில் வைப்பது, யார் எழுதுவது என்று தீர்மானம் போடுங்கள்.

கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த நாம் இன்று கையெழுத்துப் போடுகிறோம். வங்கி வாசலில் நிற்கப் பயந்த நாம் இன்று மேனேஜர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து கணக்குக் கேட்கிறோம். கூரையையும் வயலையும் பிள்ளைகளையும் காக்கிற கணக்கு இது. இதையும் நாம் கேட்போம், கற்போம், எழுதி வைப்போம், எடுத்துச் சொல்வோம்.